மேல்காற்றுக்கு முன்னும் ஐப்பசி மழைக்குப் பின்னும்: நெல்லைத் தோட்டங்களுக்கான பருவப் பராமரிப்பு

திருநெல்வேலிச் சமவெளியில் தோட்டம் வைத்திருப்பவர் சித்திரை வெயிலைக் காட்டிலும் அஞ்ச வேண்டியது, ஆனியிலும் ஆடியிலும் செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களின் வழியே மேற்கிலிருந்து இறங்கிவரும் மேல்காற்றுக்குத்தான் என்பது என் கருத்து. குற்றாலத்தில் சாரல் பெய்யும் அதே நாள்களில், மலைமறைவில் கிடக்கும் பாளையங்கோட்டைக்கும் நாங்குநேரிக்கும் பெரும்பாலும் காற்று மட்டுமே வந்து சேர்கிறது. அது இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் ஒருசேர உறிஞ்சிவிடுகிறது.

ஆகவே வைகாசி முடிவதற்குள் மரங்களின் தூரைச் சுற்றி மூடாக்கு இட்டுவிட வேண்டும். சருகை மட்டும் பரப்பினால் காற்று அதை அடுத்த வீட்டு முற்றத்தில் சேர்த்துவிடும் என்பதால், தேங்காய் உரித்த மட்டையான கதம்பையைக் குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்குமாறு நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கி, சருகை அதன் அடியில் வைப்பது நல்லது. தண்டை ஒட்டி அரை அடிக்கு எதையும் போடக் கூடாது. போட்டால் பட்டை அழுகும், கறையானும் ஏறும். முருங்கையின் நீண்ட கிளைகளைக் காற்று தொடங்குமுன்பே குறைத்துவிடுங்கள், ஏனெனில் அந்த மரம் தன் காய்ச்சுமையையே தாங்காது.

ஈரம் நில்லாத செம்மண்ணுக்கு, கோடையில் குளம் வற்றும்போது முறைப்படி அனுமதி பெற்று எடுக்கும் வண்டல் மண்ணான கரம்பையைக் காயவைத்து உடைத்து, மக்கிய தொழுவுரத்துடன் கலந்து இடலாம். கரிசலுக்கு அது தேவையில்லை. மேல்மண்ணைக் கொத்தி வெடிப்புகளை மூடினாலே போதும்.

புதிய கன்றுகளை ஆடியில் நடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ஆடியில் குழி எடுத்து ஆறவிட்டு, புரட்டாசிக் கடைசியில் நட்டால், ஆண்டின் பெருமழையைத் தரும் வடகிழக்குப் பருவமே கன்றை வேர்பிடிக்க வைத்துவிடும். அந்த மழையில் எலுமிச்சையின் தூரில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது; தேங்கினால் வேர் அழுகி, அடித்தண்டில் பிசின் வடியும். அப்படி வடிந்தால், கெட்ட பட்டையைச் சுரண்டி நீக்கி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்ற அளவில் குழைத்த போர்டோ பசை என்னும் பூஞ்சைக்கொல்லியைப் பூச வேண்டும்.

குண்டுமல்லியை நவம்பர் இறுதியிலும், பிச்சியை டிசம்பர் இறுதியிலும் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு, மழை வெறித்த நாளாகப் பார்த்துக் கவாத்து செய்யலாம். மாமரத்துக்கோ மார்கழியில் நீரை நிறுத்த வேண்டும். பூவெடுக்க வேண்டிய அந்த வேளையில் நீர் பாய்ச்சினால் மரம் துளிர்த்துவிடும். பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்த பிறகே மீண்டும் நீர் விட வேண்டும்.