போர் தண்ணிக்கு ஃபில்டர் மாட்டப் போறீங்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு மட்டும்

கடைக்காரர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி, "உங்க தண்ணி நானூறுதான் சார், யூவி மிஷினே போதும்" என்பார். உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். வேறு ஊரில் அது நல்ல யோசனையாக இருக்கலாம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், அந்தப் பக்கம் ஊத்தங்கரை, மத்தூர் என்று நம் பக்கத்துப் போர் தண்ணீருக்கு அந்தக் கணக்கு செல்லாது. நமக்கு இருக்கும் தொல்லை ஃபுளோரைடு. அந்த மீட்டர் அதைக் காட்டவே காட்டாது.

அந்தப் பேனா மீட்டருக்கு டிடிஎஸ் மீட்டர் என்று பெயர். தண்ணீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று பார்த்து, கரைந்திருக்கும் மொத்த உப்பை உத்தேசமாகச் சொல்லும், அவ்வளவுதான். அந்த நானூறுக்குள் ஃபுளோரைடு அரை மில்லிகிராமா, மூன்று மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. நாக்குக்கும் தெரியாது, ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, வாசமும் இல்லை. நம் பாறையிலிருந்தே அது தண்ணீரில் இறங்குகிறது. சுண்ணாம்புச் சத்து குறைவாக இருக்கும் தண்ணீரில்தான் இன்னும் நன்றாகக் கரையும். ஆகவே "எங்க போர் தண்ணியில சோப்பு நல்லா நுரைக்குது, அது நல்ல தண்ணி" என்ற சமாதானம் இங்கே எடுபடாது.

முதலில் டெஸ்ட்

மாவட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. மோட்டாரைப் போட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனை இரண்டு மூன்று முறை அலசிப் பிடியுங்கள். பிளாஸ்டிக் கேன்தான் வேண்டும், கண்ணாடி பாட்டில் வேண்டாம். சிண்டெக்ஸிலிருந்து பிடிக்காமல் நேராகப் போரிலிருந்து பிடியுங்கள். ரிப்போர்ட்டில் ஃபுளோரைடு வரியை மட்டும் முதலில் பாருங்கள். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 1 மி.கி. வரை சரி, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு மூட்டு முடக்கம். நம் ஊரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வருகிறதென்றால் பாதி வேலை முடிந்தது. ஜப்பான் கடனுதவியில் கட்டி 2013-ல் தொடங்கிய அந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃபுளோரைடு தொல்லைக்காக வந்ததுதான். காவிரித் தண்ணீர் என்பதால் குடிக்க, சமைக்க அதை வைத்துக்கொண்டு ஒரு கேண்டில் ஃபில்டரோடு நிறுத்திவிடலாம். மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து விடுகிறார்களா என்று மட்டும் டேங்க் ஆபரேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கலக்கிறார்கள் என்றால் குழாய்த் தண்ணீரையும் டெஸ்டுக்குக் கொடுங்கள்.

எந்த ஃபில்டர்?

ஒவ்வொரு ஃபில்டரும் ஏதோ ஒரு தொல்லைக்காகப் பிறந்தது. எதற்குப் பிறந்தது என்று தெரிந்தால் கடையில் ஏமாற மாட்டோம்.

பாட்டி காலத்தில் தேற்றாங்கொட்டையைப் பானைக்குள் இழைத்து விடுவார்கள். கலங்கல் அடியில் படியும். அது சேற்றுக்கான மருந்து. கேண்டில் ஃபில்டர் 19-ஆம் நூற்றாண்டில் காலரா, டைபாய்டு பயத்தில் வளர்ந்தது. பீங்கானின் நுண்துளையில் கிருமி சிக்கிக்கொள்ளும். கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையையும் நிறத்தையும் இழுக்கும். யூவி விளக்கு கிருமியை முடக்கும். இந்த நான்கில் ஒன்றுகூட ஃபுளோரைடைத் தொடாது. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் ஃபுளோரைடு இன்னும் கெட்டியாகத்தான் நிற்கும்.

ஃபுளோரைடுக்கென்றே நம் நாட்டில் வந்தது நல்கொண்டா முறை. நாக்பூரில் இருக்கும் நீரி என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு வடிப்பது. அளவு தப்பினால் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும் என்பதால் வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டர் நல்ல பொருள், கரண்டும் வேண்டாம். ஆனால் அந்த மணிகள் ஃபுளோரைடை உறிஞ்சி நிரம்பியதும் ரசாயனத்தில் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். பக்கத்தில் அதற்கு ஆள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

மிச்சம் ஆர்ஓ. தண்ணீரை அழுத்தி, மெம்பரேன் என்ற மெல்லிய சவ்வு வழியாக வடிப்பது. இதன் கதையில் நம் பெயர் ஒன்று இருக்கிறது. கடல் தண்ணீரைக் குடிநீராக்க கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் ஸ்ரீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து 1960 வாக்கில் செய்த மெம்பரேன்தான், தண்ணீர் நடைமுறைக்கு ஆகிற வேகத்தில் வடியக்கூடிய முதல் ஆர்ஓ மெம்பரேன். உப்பை எடுக்கப் பிறந்தது என்பதால் ஃபுளோரைடையும் சேர்த்துப் பிடிக்கிறது. நல்ல நிலையில் இருந்தால் 90 சதவீதம் அளவுக்கு.

2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டிடிஎஸ் 500-க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓ-வைத் தடை செய்யச் சொன்னது. தண்ணீர் வீணாவதைப் பார்த்தால் நியாயம்தான். ஆனால் டிடிஎஸ் 400, ஃபுளோரைடு 3 என்று ரிப்போர்ட் வரும் வீட்டுக்கு அந்த ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்க முடியாது.

மாட்டும்போது: அந்தச் சின்னத் திருகு

பைப், டெஃப்லான் டேப் எல்லாம் மாட்ட வருபவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டியது கடைசியில் அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும்போது.

பெரும்பாலான ஆர்ஓ மிஷினில் டிடிஎஸ் அட்ஜஸ்டர் என்று ஒரு குட்டி வால்வு உண்டு. மெம்பரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்தமான தண்ணீரோடு கலந்து ருசி ஏற்றும் வேலை அதற்கு. எங்கள் வீட்டில் மாட்டிய அன்றே மாமியார், "சப்புன்னு இருக்குது" என்றார். வந்தவர் அதை அரைச் சுற்றுத் திறந்தார், ருசி வந்தது. கூடவே ஃபுளோரைடும் வந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். போர் தண்ணீரில் டிடிஎஸ் 800, ஃபுளோரைடு 4 என்று வையுங்கள். மெம்பரேன் வழியாக வந்தது டிடிஎஸ் 60, ஃபுளோரைடு 0.4. கலந்த தண்ணீர் 300 காட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். அப்போது ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டிவிடுகிறது. மிஷின் வாங்கிய காசு தண்டம். யூவி, யூஎஃப் (நுண்துளை ஃபில்டர்) வழியாகத்தான் அந்தக் கலப்புத் தண்ணீர் வருகிறது என்று சொல்வார்கள். உண்மைதான், அவை கிருமியைத்தான் பார்க்கும்.

ஆகவே அந்தத் திருகை வலப்பக்கமாக முழுக்க மூடுங்கள். தொட்டியில் நிற்கும் பழைய கலப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். என்னைக் கேட்டால் அட்ஜஸ்டர் இல்லாத மிஷினாகவே கேட்டு வாங்குவேன். ருசி வேண்டுமென்றால் மினரல் கார்ட்ரிட்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

பிறகு

மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், இப்போதுதான் அதற்கு வேலை. போர் தண்ணீரையும் மெம்பரேன் தண்ணீரையும் மாதம் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். 800 என்பது 60, 80 என்று இறங்கினால் மெம்பரேன் நலம். 160-ஐத் தாண்ட ஆரம்பித்தால் களைத்துவிட்டது, ஃபுளோரைடையும் விட ஆரம்பித்திருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வடிகட்டிய தண்ணீரையும் அதே லேபில் கொடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சோற்று உலை, களி, டீ எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான். குடிக்க மட்டும் ஆர்ஓ, உலைக்குப் போர் தண்ணீர் என்றால் பாதிக் கிணறு தாண்டிய கதை.

ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாக ரிஜெக்ட் பைப்பில் போகும். அதில் ஃபுளோரைடு இன்னும் அதிகம்: 4 இருந்தது 5-ஐத் தாண்டும். வீடு துடைக்க, கக்கூஸுக்கு ஊற்ற வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள், மாட்டுக்கும் பல்லும் எலும்பும் கெடும்.

சேர்த்தது: "திருகை மூடியும் குழாயில் 150 காட்டுகிறதே" என்று ஊத்தங்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மினரல் கார்ட்ரிட்ஜ் இருந்தால் அதுவே உப்பைக் கூட்டும். குழாயில் அளக்காமல், மெம்பரேனிலிருந்து சுத்தமான தண்ணீர் வெளிவரும் டியூபைக் கழற்றி அங்கே அளந்து பாருங்கள்.

மறுபடி சேர்த்தது: கார்ட்ரிட்ஜே இல்லாமல், மெம்பரேன் டியூபில் சரியாக இருந்து குழாயில் மட்டும் அதிகம் காட்டினால் அந்த அட்ஜஸ்டர் மூடியும் கசிகிறது என்று அர்த்தம். கலப்புத் தண்ணீர் வரும் டியூபைக் கழற்றி இரண்டு பக்கமும் எண்ட் பிளக் போட்டுவிடுங்கள். கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சர்வீஸுக்கு வருபவர் அதைப் பார்த்துவிட்டு "யாரோ தப்பா மாட்டிட்டாங்க" என்று பழையபடி இணைத்துவிட்டுப் போவார், ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் திறந்து பாருங்கள்.