குடல் நோயாளிகளுக்கு ஆப் செய்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ், அதாவது பெருங்குடலில் நாள்பட்ட புண். அவள் போனில் இறக்கிப் பார்த்த ஓர் ஆப், 'மலம் கழித்தலின் தன்மை' என்று கேட்டது. சென்னையில் யார் இப்படிப் பேசுகிறார்கள்? "எத்தனை தடவை மோஷன் போச்சு, ரத்தம் வந்துச்சா, சளி வந்துச்சா?" என்றுதான் கேட்போம். அப்படியே கேளுங்கள்.

மலத்தின் 7 வகைகளைக் காட்டும் பிரிஸ்டல் படங்களை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வதும் தவறு. மோஷன் முட்டிக்கொண்டு வந்த பிறகு எவ்வளவு நேரம் அடக்க முடிகிறது என்பதையும் கேட்க வேண்டும். தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. காலையில் 5 நிமிடம்கூட அடக்க முடியாதவள் எப்படி வேலைக்குப் போவாள்? எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அவளுக்கு அது மோசமான நாள்தான்.

இந்த நோய் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும், திடீரென்று கிளம்பும். நன்றாக இருக்கும்போது தினமும் இருபது கேள்வி கேட்டால் சலித்துப்போய் ஆப்பையே நீக்கிவிடுவார்கள். கிளம்பிய சமயத்தில், ராத்திரி 2 மணிக்கு நான்காவது தடவை எழுந்து போய்விட்டு வருகிறவளுக்கு டைப் செய்யத் தெம்பு இருக்காது. ஒரே ஒரு பெரிய பட்டன் போதும். நேரம் தானாகப் பதியட்டும்.

அப்புறம், 'இன்று ரத்தம் போனதா?' என்று பூட்டிய திரையில் அறிவிப்பு வரக் கூடாது. ஆபீஸ் மேஜையில் போன் மல்லாந்து கிடக்கும்.

உணவுப் பட்டியலில் ஓட்ஸும் புரோக்கோலியும் இருக்கின்றன, இட்லியும் கீரைக்கூட்டும் இல்லை. ஒரு நாள் வயிறு கெட்டதற்காக ஒரு பதார்த்தத்தை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே உடல் இளைத்தவர்கள் அவர்கள்.

மாத்திரைக்கு நினைவூட்டும் ஆப்கள் ரத்தப் பரிசோதனையை விட்டுவிடுகின்றன. இந்த நோய்க்குத் தரும், நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையான அசாதயோபிரின் சாப்பிடுகிறவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறையலாம் என்பதால் அது கட்டாயம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நோய் முற்றும்போது வெறும் வரைபடம் காட்டுவது. ஒரு நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், காய்ச்சலோ படபடப்போ இருந்தால், 'இன்றே டாக்டரைப் பாருங்கள்' என்ற வாசகமும் கூப்பிடும் பட்டனும் வர வேண்டும். நெதர்லாந்தில் 909 நோயாளிகளிடம் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், இப்படி வீட்டிலிருந்தே கண்காணித்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதும் அங்கே சேர்வதும் குறைந்தன. ஆனால் அங்கே பதில்களைப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் இருந்தார்கள். உங்கள் ஆப்பில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வரும் எச்சரிக்கையை யார் பார்ப்பார் என்று முடிவு செய்துவிட்டு முதல் திரையை வரையுங்கள்.