இருமொழி மாண்டிசோரி பள்ளி தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

சென்னையில் மாண்டிசோரி என்று எழுதிய பலகைக்குப் பஞ்சமே இல்லை. குழந்தை பொருள்களைத் தானே எடுத்துக் கையாண்டு கற்கும் இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அதனால் நமக்கு இந்தப் பெயர் பாட்டி காலத்துப் பழக்கம். ஆனால் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். ‘இருமொழி’ என்ற சொல்லும் அப்படித்தான். முதல் தவறே இந்த இரண்டு சொற்களையும் படித்துவிட்டுப் பணம் கட்டுவது.

என் மகளுக்காக நாங்கள் பார்த்த ஒரு பள்ளியில் பிங்க் டவர், அதாவது பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக் கோபுரம் கட்டும் இளஞ்சிவப்புக் கட்டைகள், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. ஏன் என்று கேட்டேன். “பசங்க தொலைச்சிடுவாங்க மேடம்” என்றார்கள். பத்துக் கட்டைகளில் மிகச் சிறியது ஒரு சென்டிமீட்டர்தான், தொலையத்தான் செய்யும். கோபுரம் மொட்டையாக நிற்பதைக் குழந்தையே பார்த்துத் தேட வேண்டும் என்பதற்காகத்தானே அந்தப் பொருள்? பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், திறந்த தட்டுகளில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை ஒரே அறையில் கலந்து இருக்கிறார்களா, காலையில் சுமார் மூன்று மணி நேரம் மணியடித்துக் கலைக்காமல் விடுகிறார்களா, ஆசிரியரின் பயிற்சி ஓராண்டுப் படிப்பா அல்லது சில வார இறுதி வகுப்புகளா என்பதையும் கேளுங்கள். ஆண்டு விழா நடனத்துக்கு எத்தனை வாரம் ஒத்திகை என்று கேட்டுப் பாருங்கள், அந்த ஒரு பதிலிலேயே பாதி தெரிந்துவிடும்.

இதையெல்லாம் விசாரிக்கிற பெற்றோர்கூட மொழி விஷயத்தில் ஏமாந்துவிடுகிறோம். “தமிழும் உண்டா?” என்று கேட்போம். “உண்டு” என்பார்கள். தமிழை யார் பேசுகிறார்கள் என்று கேட்கத் தோன்றாது. பல இடங்களில் பாடம் சொல்லும் ஆன்ட்டி ஆங்கிலம், கழிவறைக்குக் கூட்டிப்போகும் ஆயா தமிழ். மூன்று வயதுக் குழந்தைக்கு இதைவிடத் தெளிவாக ஒரு பாடம் நடத்த முடியாது: அறிவுக்கு ஒரு மொழி, கால் கழுவ ஒரு மொழி. இன்னொரு வகைப் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு தமிழ் பீரியட் இருக்கும். அது இருமொழி அல்ல, அட்டவணை. மூன்றாவது வகை, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு மொழியிலும் சொல்வது. தனக்குத் தெரிந்த மொழியில் எப்படியும் வரப்போகிறது என்று தெரிந்தால் குழந்தை மற்றதைக் காதில் வாங்காது.

ஆளுக்கொரு மொழி என்று இரண்டு ஆசிரியர்கள் இருந்து, இருவருமே பொருள்களை அறிமுகப்படுத்துகிற வகுப்பு என் கண்ணுக்கு நல்லது. சரி, இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு காலைப் பொழுது ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். பாட்டு, கதை நேரத்தை விட்டுவிடுங்கள். அது விருந்தாளிக்குப் போடுகிற இலை. ஒரு குழந்தை தண்ணீரைக் கொட்டும்போது, இரண்டு பேர் ஒரே பாய்க்குச் சண்டை போடும்போது எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். உண்மையில் அந்த அறையில் வாழ்கிற மொழி அதுதான்.

அடுத்து எழுத்து. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகுவது மாண்டிசோரி முறை. ஆங்கிலத்துக்கு இருபத்தாறு அட்டை போதும். தமிழுக்கு 247 எழுத்து. எதில் தொடங்குகிறார்கள், உயிர்மெய்யை எப்படி அறிமுகம் செய்கிறார்கள், எழுத்துகளை அடுக்கிச் சொல் கட்டத் தமிழில் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். யோசித்த பள்ளி என்றால் எடுத்துக் காட்டும். யோசிக்காத பள்ளி சுவரில் ஒட்டிய ‘அம்மா, ஆடு, இலை’ படத்தைக் காட்டும். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயமாக்குவது ஒன்றாம் வகுப்பிலிருந்துதான்; மழலையர் வகுப்பில் தமிழ் எவ்வளவு என்பதைப் பள்ளிதான் முடிவு செய்கிறது. ஆகவே கேட்டால்தான் தெரியும்.

வீட்டில் நாம் செய்கிற தவறும் ஒன்று உண்டு. பள்ளியில் சேர்த்த மறுநாளே “கம் பேபி, ஈட் பேபி” என்று ஆரம்பித்துவிடுவது. நமக்கே சரளமில்லாத ஆங்கிலத்தைக் கொடுத்து, சரளமாக இருக்கிற தமிழைப் பிடுங்கிக்கொள்கிறோம். புது மொழி பேசும் அறையில் குழந்தை சில வாரம், சில சமயம் மாதக்கணக்கில், வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் வழக்கம்தான். இரண்டு மொழியால் பேச்சு தள்ளிப்போகும் என்று பயப்பட வேண்டாம். வீட்டு மொழியிலேயே பேச்சு குறைவாக இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் பேச்சுச் சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, நடுவில் எடுத்துவிடுவது. மாண்டிசோரி மூன்று வருடக் கணக்கு. முதல் இரண்டு வருடம் ஊற்றுவதும் அடுக்குவதுமாகப் போவதுபோலத் தெரியும், “இன்னும் நோட்டே போடலையா?” என்று மாமியார் வீட்டில் கேட்பார்கள். படிப்பதும் எழுதுவதும் பெரும்பாலும் மூன்றாவது வருடத்தில்தான் கூடிவரும். அதற்கு முன்னாலேயே பெரிய பள்ளியின் எல்கேஜி இடத்துக்காகக் குழந்தையை எடுத்துவிடுகிறோம். பெற்றோரைக் குறை சொல்வதும் சரியில்லை, எல்கேஜியை விட்டால் பிறகு இடம் கிடைக்காது என்பது சில பள்ளிகளில் நிஜம். அதனால் சேர்க்கும் முன்பே, ஒன்றாம் வகுப்புக்கு எங்கே அனுப்பப் போகிறோம், அந்தப் பள்ளி நேரடியாக ஒன்றாம் வகுப்பில் எடுத்துக்கொள்ளுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளாது என்றால், ஒரு வருட மாண்டிசோரிக்காகப் பெரிய தொகை கட்டுவதைவிட வீட்டுக்குப் பக்கத்தில், நடந்து போகிற தூரத்தில் நல்ல பிளேஸ்கூல் ஒன்றே போதும்.