விடிகாலைக் குளிரை நம்பி வேகம் பிடிக்காதீர்கள்

இரண்டு மணி நேரத்தில் ஓடி முடித்துவிடுவேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனேன். முடித்தபோது என் கடிகாரம் 2 மணி 34 நிமிடம் காட்டியது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, ஈப்போவில் ஓர் அரை மராத்தான், 21.1 கிலோமீட்டர். அதற்காக நான்கு மாதம் பயிற்சி செய்திருந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரே வேனில் போன ஆறு பேரில் ஐந்து பேருக்கு இதே கதிதான். திரும்பி வரும்போது வேனில் யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாள் உட்கார்ந்து பேசினோம். ஐந்து பேரும் ஏறக்குறைய ஒரே தவறுகளைத்தான் செய்திருந்தோம். வெயில் காலத்தில் முதன்முறையாக நீண்ட தூரம் ஓடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு முதல் 5 கிலோமீட்டரில் நடந்தது. ஓட்டம் காலை 6 மணிக்குத் தொடங்கியது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளி சபா, சரவாக்கோடு ஒன்றாக்கினார்கள். அதனால் நம் பக்கம் மார்ச்சில் சூரியன் எழவே 7.15 ஆகிவிடுகிறது. 6 மணிக்கு நல்ல இருட்டு. உடம்பில் காற்று பட்டால் சில்லென்று இருக்கும். "இன்னிக்கு நல்லா ஓடலாம்" என்று எல்லாரும் சொன்னோம், பாய்ந்தோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி போதும். நான் முதல் 5 கிலோமீட்டரை 27 நிமிடத்தில் கடந்தேன். கிலோமீட்டருக்கு 17 விநாடி கூடுதல் வேகம்.

அந்த நேரத்துக் குளிர்ச்சியை நம்பக்கூடாது. காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது விடிகாலையில்தான். ஈரப்பதம் ஓடுபவரை என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 65 கிலோ எடையுள்ளவர் 21 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 1,350 கலோரி செலவாகும். அதில் முக்கால் பங்கு வெறும் சூடாக உடம்பில் சேரும்; கிட்டத்தட்ட 1,000 கலோரி. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கலோரி அளவுச் சூட்டைக் கொண்டுபோகும். அப்படியென்றால் 2 லிட்டருக்கும் குறைவான வியர்வையே போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று வியர்வையை எளிதில் வாங்கிக்கொள்ளாது. சொட்டிக் கீழே விழும் வியர்வையால் சூடு இறங்காது. எட்டாவது கிலோமீட்டரில் என் காலணிக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. மழை பெய்யவில்லை, தண்ணீரும் மிதிக்கவில்லை. எல்லாம் காலில் வழிந்து இறங்கிய வியர்வை.

சூட்டை வெளியேற்ற உடம்பு இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். தசைக்கும் இரத்தம் வேண்டும். வியர்த்து வியர்த்து இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 158 என்று காட்டிய கடிகாரம், ஒன்பதாவதில் 174 காட்டியது. வேகத்தை நான் கூட்டவே இல்லை. அப்போதே தளர்த்தியிருக்க வேண்டும், செய்யவில்லை. 14-ஆவது கிலோமீட்டரில், வெயில் முகத்தில் அடிக்க ஆரம்பித்தபோது, கால் நின்றுவிட்டது. மீதித் தூரத்தில் பாதிக்குமேல் நடைதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் 26 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் அழுத்தம் தளர்ந்து பால் குறைந்துவிடும். அதனால் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும் நெற்றி விளக்கோடு இருட்டில் நெரையில், அதாவது மர வரிசையில், இறங்குவார்கள். அதே ஈரக்காற்று, அதே வியர்வை. "முத நெரையிலேயே பாஞ்சா கடைசி நெரைக்குக் கை எங்கடா வரும்?" என்று கேட்டார். எந்த ஓட்டக் கையேட்டிலும் இதைவிடச் சரியாக நான் படித்ததில்லை.

உலகத்தின் சிறந்த ஓட்டக்காரர்களும் இதற்குத் தப்பவில்லை. 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மராத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 30 பாகை செல்சியஸுக்கு மேல் சூடு, 70 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம். 68 பேர் புறப்பட்டு 40 பேர்தான் முடித்தார்கள். வென்ற கென்ய வீராங்கனையின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அவரே அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் ஓடியவர். 15 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்! அவருக்கே அப்படியென்றால், நாம் குளிர்ந்த ஊரில் ஓடியவர்களின் அட்டவணையைப் பார்த்து நம் நேரத்தைக் குறிப்பது நியாயமே இல்லை. என் அனுபவத்தில், நம் ஊர் வெயில் காலத்தில் முதல் 5 கிலோமீட்டரை, நினைத்த வேகத்தைவிட கிலோமீட்டருக்கு 25, 30 விநாடி மெதுவாக ஓட வேண்டும். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 15 கிலோமீட்டருக்குப் பிறகு தெம்பிருந்தால் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது பயிற்சி. "மலேசியாவிலேயே பொறந்து வளர்ந்தவங்க, நமக்கென்ன வெயில்" என்று நினைத்தோம். நான் நாள் முழுக்க ஏர்கோன் போட்ட கிடங்கில் வேலை செய்கிறேன். ஓடியதெல்லாம் இரவு 9 மணிக்குமேல், தாமான் (குடியிருப்பு) சாலையில். உடம்பு சூட்டுக்குப் பழக 10 முதல் 14 நாள், நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சூட்டில் அசைந்தாக வேண்டும். அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்புக் குறையும். விட்டுவிட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும். இப்போது வாரத்தில் சில நாள் மாலை 5.30-க்குச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் மெதுவாக ஓடுகிறேன். அங்கே காற்று அசையாது. அதனாலேயே அந்த இடம் நல்லது.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. முதல் இரண்டு தண்ணீர் மேசைகளை நேரம் போய்விடுமே என்று நான் தாண்டி ஓடினேன். எங்களில் ஒருவரோ பயத்தில் மேசைக்கு மேசை நான்கு கோப்பை குடித்து, வயிறு உப்பி, வாந்தியெடுத்தார். அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மராத்தானில் இரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடியுங்கள், தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக.

விடிகாலை 4.30-க்குச் சம்பலோடு நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு ஓட வேண்டாம். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். பழகிய ரொட்டி, வாழைப்பழம் போதும். முட்டி வலிக்கு முன்கூட்டியே ஐபுபுரூஃபென் போட்டுக்கொள்வதும் கூடாது, நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். புதுச் சட்டையை அன்றைக்குத்தான் முதலில் போடுவது என்பதும் வேண்டாம்.

17-ஆவது கிலோமீட்டரில் பார்த்ததை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வேனில் வந்த 22 வயதுத் தம்பி சாலை ஓரத்தில் நின்றிருந்தான். அந்த வெயிலில் அவன் கையில் மயிர் சிலிர்த்திருந்தது. "அண்ணே, எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டான். எதிரே அம்புக்குறி இருந்தது. ஓடிப்போன ஒருவர், "தண்ணி குடிச்சிட்டு மெல்ல நடப்பா" என்றார். அப்படி விட்டுவிடக் கூடாது. வெயிலில் சிலிர்ப்பு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மனக்குழப்பம் தெரிந்தால் ஓட்டம் அங்கேயே முடிந்தது. உடம்புச் சூடு 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். வியர்த்துக்கொண்டுதானே இருக்கிறான் என்று நினைக்காதீர்கள். ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலே இருக்கலாம். அவசர எண் 999-ஐ அழைத்துவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் உடனே குளிர்விக்க வேண்டும். குளிர்நீர்த் தொட்டி இருந்தால் அதில் இறக்குங்கள். இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பு முழுக்கப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மேசையிலிருந்த ஐஸ் தண்ணீரை முதலுதவிக்காரர்கள் வரும்வரை அவன்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தோம். மதியத்துக்குள் தேறிவிட்டான்.

ஆத்திரத்தில் செவ்வாய்க்கிழமையே 15 கிலோமீட்டர் ஓடினேன். அதுவும் தவறு; கால் வலி இரண்டு வாரம் நீண்டது.

அடுத்த ஓட்டம் ஜூலையில். ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில் 'முதல் 5 கிலோமீட்டர்: 31 நிமிடம்' என்று எழுதியிருக்கிறேன். முடிக்கும் நேரம் எதையும் எழுதவில்லை.