பழைய பத்மினியில் கட்டர் வைப்பதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பத்மினி கார்களின் மேல் இளைஞர்களுக்கு இப்போது திடீர்ப் பாசம் வந்திருக்கிறது. தாத்தா ஓட்டியது, மாமனார் தோப்பில் மட்டைக்கு அடியில் கிடந்தது, யாரோ கோழி அடைத்து வைத்திருந்தது என்று ஒவ்வொன்றாக வீட்டு ஷெட்டுக்கு வந்து சேர்கின்றன. வீட்டிலேயே வேலை பழக இதைவிட நல்ல வண்டி கிடையாது. மும்பை குர்லா ஆலையில் ஃபியட் 1100 டிலைட்டாகத் தொடங்கி, 1974 முதல் பிரீமியர் பத்மினி என்ற பெயரில் வந்த வண்டி இது. 1089 சி.சி. இன்ஜின். பானெட்டைத் திறந்தால் எல்லாப் பாகமும் கைக்கு எட்டும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது.

ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த கோளாறுகளையே இவர்களும், அதே வரிசையில், அதே உற்சாகத்தோடு செய்வதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போடுங்கள், கழற்றும் முன் படம் எடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரியாமல் பணத்தையும் சில நேரம் வண்டியையுமே இழக்கும் இடங்கள் வேறு.

ஆர்.சி. இல்லாத வண்டி

வாங்காதீர்கள். "எடுத்துப் போங்கள், பேப்பரைப் பிறகு தருகிறேன்" என்பவர் தரப்போவதில்லை.

இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

பத்மினிக்கு லாரிக்கு இருப்பது போலத் தனியாகச் சேசிஸ் என்னும் அடிச்சட்டம் கிடையாது. பாடியேதான் சேசிஸ். 1953-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100/103-லிருந்தே அமைப்பு இப்படித்தான். கதவுகளுக்கு அடியில், முன் மட்கார்டிலிருந்து பின் மட்கார்டு வரை, இரு பக்கமும் பெட்டி போல மடித்த தகரம் ஒன்று ஓடும். கதவடிப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குக் கால் வைத்து ஏறும் படி போல இருக்கும். உண்மையில் வண்டியின் முன்பாதியையும் பின்பாதியையும் நிமிர்த்திப் பிடித்திருப்பது மேலே கூரையும் கீழே இந்த இரண்டு பெட்டிகளும்தான். உள்தட்டை உருவிவிட்ட தீப்பெட்டிக் கூட்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பெட்டியை இழந்த பத்மினியும் அப்படித்தான்.

முதலில் துருப்பிடிப்பதும் இந்தப் பெட்டிதான். அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளேயே நின்று, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளிருந்து தின்றுவிடும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கும் நாளில்தான் தெரியவரும்.

அண்மையில் ஒரு தம்பி தன் ஷெட்டில் வேலை நடப்பதைப் பார்க்க அழைத்திருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வெல்டர் தினக்கூலிக்கு வந்தவர், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கைக்கு இடைஞ்சல் என்று நான்கு கதவுகளையும் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். வண்டியின் முன்கோடியில் ஒரு தாங்கி, பின் ஆக்ஸிலில் ஒரு தாங்கி, நடுவில் ஒன்றுமில்லை. காலையில் இரண்டு பெட்டிகளையும் கட்டரால் அறுத்து எடுத்து, மாலைக்குள் புதுத் தகரத்தை மடித்துப் பற்றவைத்தாயிற்று. பற்றவைப்பு சுத்தமாக இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

கதவுகளை மாட்டினார்கள். பின்கதவு மூடவில்லை. முன்கதவு மூடியது. அதன் பின்விளிம்புக்கும் நடுத் தூணுக்கும் இடையே மேலே ஒரு ஐந்து ரூபாய் நாணயம் நுழையவில்லை, கீழே என் சுண்டுவிரல் போய் வந்தது. என்ன நடந்திருக்கும் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இரு கோடியிலும் தாங்கி நிற்க, அடிப்பெட்டி இல்லாத நேரத்தில் நடுப்பகுதி தன் கனத்திலேயே இறங்கிவிட்டது. கதவு வாசல் மேலே நெருங்கிக் கீழே விரிந்தது. அந்தக் கோணல் நிலையிலேயே புதுப்பெட்டியைப் பற்றவைத்ததால் கோணல் நிரந்தரமாகிவிட்டது.

அடுத்து நடப்பது இன்னும் கொடுமை. யாரும் வெட்டிய இடத்துக்குத் திரும்பிப் போவதில்லை. கீலுக்கு நடுவே கட்டையைக் கொடுத்துக் கதவை அழுத்தி வளைப்பார்கள். மேல் விளிம்பை அரத்தால் ராவுவார்கள், கீழ் விளிம்பில் கம்பியை வைத்துப் பற்றி, மேலே பட்டி பூசுவார்கள். பெயிண்ட் அடித்த பிறகு போட்டோவில் அழகாகத்தான் இருக்கும். கோணிய சட்டத்தில் முன்கண்ணாடியை அடித்து உட்காரவைத்தால் அது என்றாவது ஒரு வேகத்தடையில் மூலையிலிருந்து கீறிக்கொண்டு வரும். அந்தக் கண்ணாடிக்கு நல்ல நிலையில் இன்னொன்று தேடுவது எவ்வளவு சிரமம் என்பதைத் தேடியவர்களைக் கேளுங்கள். அந்தத் தம்பி கேட்ட ஒரே கேள்வி, "அண்ணே, கீலைச் சரிசெய்தால் போதாதா?" என்பதுதான். போதாது. புதுப்பெட்டியை அறுத்துவிட்டு, நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முறையாகச் செய்ய அதிகச் செலவு ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். கட்டரைத் தொடும் முன், கதவுகள் மாட்டியிருக்கும்போதே, ஒவ்வொரு கதவைச் சுற்றியும் இடைவெளியை அளந்து மாஸ்க்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். கதவு வாசலின் மூலைகளில் சென்டர் பஞ்ச் என்னும் கூர்முனை உளியால் ஒரு புள்ளி தட்டி, குறுக்கு மூலைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்து வையுங்கள். வண்டி சமதளத்தில், சஸ்பென்ஷன் பொருந்தும் உறுதியான இடங்களில் நான்கு தாங்கிகள் மேல் நிற்கட்டும். பிறகு ஒரு அங்குலச் சதுரக் குழாயை முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கும், அங்கிருந்து பின் தூணுக்கும், வண்டியின் குறுக்காகவும் உள்பக்கமாகப் பற்றவையுங்கள். உள்பக்கம் என்பது முக்கியம். குழாய் இருக்கும்போதே கதவு மூடித் திறக்க வேண்டும், இல்லையென்றால் எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்?

ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கம். அந்த ஒரு பக்கத்திலும் துண்டு துண்டாக வெட்டி, துண்டு துண்டாகப் பொருத்தி, ஒவ்வொரு முறையும் கதவை மூடிப் பார்க்க வேண்டும். கேஸ் வெல்டிங்கைவிட சி.ஓ.2 வெல்டிங் நல்லது, சூடு பரவாது. அதிலும் ஒரே கோடாக இழுக்காமல் இங்கே ஒரு புள்ளி, ஓர் அடி தள்ளி ஒரு புள்ளி என்று ஆறவிட்டுப் போக வேண்டும். புதுப்பெட்டியில் தண்ணீர் வடியும் ஓட்டை போட மறந்துவிடுகிறார்கள். ஓட்டை இல்லாத பெட்டி அடுத்த துருவுக்கு நீங்களே கட்டிக்கொடுத்த தொட்டி.

வெல்டர் அவசரப்படுத்துவார். கூலியை நாள் கணக்கில் பேசாமல் வேலைக்குப் பேசிவிடுங்கள், அவசரம் பாதி குறையும். அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அதற்கும் தனிச் சேசிஸ் கிடையாது.

பெட்ரோல் டேங்கில் வெல்டிங்

கூடாது. காலி டேங்க் என்றால் இன்னும் கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

கழற்றியதை எடைக்குப் போடுவது

புதிது வந்துவிட்டது என்று பழைய கைப்பிடி, விளக்கு வளையம், நிக்கல் பட்டை எல்லாவற்றையும் சாக்கில் கட்டி இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். புதிதாகச் செய்து விற்கும் பாகங்களில் பாதி சரியாக உட்காராது. வளைவு மாறியிருக்கும், ஓட்டை தள்ளியிருக்கும், கனம் குறைந்திருக்கும். அப்போது அளவு பார்க்கவாவது பழையது கையில் இருக்க வேண்டும். சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடும்போதும் "ஃபியட்டுக்கு கைப்பிடி இருக்கிறதா" என்று வாயால் கேட்பதைவிட, உடைந்ததாக இருந்தாலும் பழையதைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினால்தான் சரியானது கிடைக்கும். வண்டி ரோட்டில் ஓடி ஒரு வருடம் ஆகும்வரை ஓர் ஆணியைக்கூட வெளியே அனுப்பாதீர்கள்.

ஐப்பசியில் பெயிண்ட்

ஷெட்டில் அடிப்பதாக இருந்தால் வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் காயும்போதே வெளுத்துப் பால் படர்ந்தது போலாகும். மாசி வரை பிரைமரோடு விடலாம் என்று நினைக்காதீர்கள், சாதாரண பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். தகரத்தைத் தேய்க்கும் வேலையையே மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி பிரிக்காத பழைய ரப்பர்

பழைய கடை ஒன்றில் கம்பெனி அட்டைப்பெட்டியோடு பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் (உள்ளே அசையும் ரப்பர்ச் சவ்வு) கிடைத்தால் பலருக்குப் புதையல் எடுத்த மகிழ்ச்சி. இரும்புப் பாகம் என்றால் நானும் மகிழ்வேன். ரப்பர் அலமாரியில் இருந்தாலும் கிழடு தட்டும். முப்பது ஆண்டு பெட்டிக்குள் தூங்கிய டயஃப்ரத்தை மடித்துப் பாருங்கள், மடிப்பில் நுண்ணிய வெடிப்பு தெரியும்.

அதோடு இன்று பங்கில் ஊற்றுவது அந்தக் காலப் பெட்ரோலும் அல்ல. 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊதவைத்துக் குழைக்கும், ஈரத்தை இழுத்து டேங்குக்குள் துருவைக் கிளப்பும். ஆகவே டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லாக் குழாயையும் எத்தனாலைத் தாங்கும் புது ரகமாக மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்கையும் கார்பரேட்டரையும் வடித்துவிடுங்கள். குழாய் கசிந்து சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால், அத்தனை நாள் உழைப்பும் ஷெட்டோடு போய்விடும்.

பிரேக்குக்கு முன் இன்ஜின்

நிற்காத வண்டியை ஏன் ஓடவைக்க வேண்டும்?

வேறு இன்ஜின் மாட்டுவது

மைலேஜ் கணக்குப் போட்டு வேறு கார் இன்ஜினை இறக்கும் ஆசை எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். வண்டி ஐம்பது வயது தாண்டியதாக இருந்தால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 2021-இல் வந்த வின்டேஜ் பதிவு விதிப்படி முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றிய வண்டிக்கு அது கிடைக்காது. அந்தப் பதிவு வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்குத் தனிச் சேசிஸ் உண்டு, மேலே சொன்ன பெட்டிக் கவலை அவ்வளவு இல்லை. அதற்கு வேறு ஒரு வியாதி. முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டு கீழே ஒரு வெண்கலக் கட்டையில் மரையாக இறங்கித் திரும்பும். அங்கே எண்ணெய் ஏற்றும் முனையான நிப்பிள் இருப்பதைப் பார்த்ததும் சர்வீஸ் பையன்கள் கிரீஸ் கன்னை எடுத்துவிடுகிறார்கள். கிரீஸ் கெட்டியாகி நின்றுவிடும், மரையின் அடிவரை போகாது. உள்ளே ஈரம் புகுந்து தண்டை அரிக்கும். பிறகு ஏதோ ஒரு திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். அங்கே போக வேண்டியது 90-ஆம் நம்பர் கியர் ஆயில். வண்டி வாங்கியதும் முதல் வேலையாக அந்தத் தண்டுகளைக் கழற்றி மரையைப் பாருங்கள். துருப்பள்ளம் தெரிந்தால் தண்டையும் கட்டையையும் சேர்த்து மாற்றுங்கள்.