ரெட்ரோ சதுரங்கப் புதிர்: வெட்டுக் கணக்கு எங்கே உதைக்கிறது

பலகையில் உள்ள நிலையைப் பார்த்து, அதற்கு முன் நடந்த நகர்வுகளைத் துப்பறிவதுதான் ரெட்ரோ புதிர். சிப்பாய் போகும் திசையைக் குழப்பிக்கொள்வதெல்லாம் இரண்டு புதிரில் தானாகச் சரியாகிவிடும். கீழே உள்ள தவறுகள் அப்படிச் சரியாவதில்லை.

காணாமல் போனவற்றை வெறும் எண்ணிக்கையாகப் பார்ப்பது

வெள்ளைச் சிப்பாய்கள் ஏ2, சி2, சி3, டி2, ஈ2, எஃப்2, எஃப்3, எச்2-இல் நிற்கின்றன. பி2, ஜி2 சிப்பாய்கள் வெட்டித்தான் சி3, எஃப்3-க்கு வந்திருக்கின்றன. வெள்ளையில் ஒரு குதிரை மட்டும் குறைவு. கருப்பில் மூன்று இல்லை: சி8 பிஷப், ஒரு குதிரை, எச் நிரல் (செங்குத்து வரிசை) சிப்பாய். பி7, டி7 சிப்பாய்கள் அசையவே இல்லை.

புதியவர் பட்டென்று சொல்வார்: சி3-இல் வெட்டுப்பட்டது குதிரை, எஃப்3-இல் பிஷப், மிச்சச் சிப்பாயை ஏதோ ஒரு காய் எடுத்தது. எஃப்3 வெள்ளைக் கட்டம், அந்த பிஷப்பும் வெள்ளைக் கட்டத்தில் ஓடுவது. பொருந்துவதுபோல் இருப்பதுதான் எரிச்சல். பி7, டி7 அடைத்துக்கொண்டிருக்க அது வெளியே வந்தது எப்படி? சி8-இலேயே செத்திருக்கிறது.

ஆக, இரண்டு சிப்பாய் வெட்டுகளுக்கு மிஞ்சியவை குதிரையும் எச் சிப்பாயும்தான். அந்தச் சிப்பாய்க்குக் கிடைத்த இரை ஒரே வெள்ளைக் குதிரை. ஒரு வெட்டில் ஜி நிரல் வரைதான் வரலாம், எஃப்3 எட்டாது. எனவே ஜி2 சிப்பாய் எஃப்3-இல் வெட்டி வழிவிட்ட பிறகு, அந்தக் கருப்புச் சிப்பாய் ஜி1-இல் பதவி உயர்வு பெற்றது, அதாவது கடைசி வரிசையை எட்டி வேறு காயாக மாறியது. சி3, எஃப்3 இரண்டில் ஒன்றில் விழுந்தது குதிரை. மற்றதில், சிப்பாய் எதுவாக மாறியதோ அந்த வகைக் காய். இப்போது நிற்கும் கருப்பு ராணி அசல் ராணிதானா என்பதுகூடச் சந்தேகம்!

செய்யவேண்டியது: காணாமல் போனவற்றைப் பெயரோடு எழுதுங்கள், சிப்பாய் என்றால் நிரலையும் சேர்த்து. வீட்டிலேயே செத்த பிஷப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அதன்பிறகே சிப்பாய் வெட்டுகளைக் கழிக்க வேண்டும்.

எஞ்சினிடம் கேட்பது

எஞ்சின் என்கிற சதுரங்கக் கணினி நிரல் முன்னோக்கித்தான் பார்க்கும். மூடிவையுங்கள்.

பின்னால் இழுத்த கட்டத்தைக் காலியாக விடுவது

ஒரு காயைப் பின்னால் இழுக்கும்போது, அது நின்ற கட்டத்தில் எதிரிக் காய் ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கலாம்; அந்த நகர்வு ஒரு வெட்டாக இருந்திருக்கலாம். எங்கிருந்து வந்தது என்றே புரியாத செக் பெரும்பாலும் இங்கேதான் அவிழும்.

காஸ்லிங்குக்கும் ஆன் பாசானுக்கும் ஒரே அளவுகோல்

காஸ்லிங் (இதுவரை நகராத ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) முடியாது என்று நிரூபிக்கும்வரை முடியும். ஆன் பாசான் (இரட்டை அடி வைத்த சிப்பாயை, அது ஓரடி வைத்ததுபோல் பக்கத்துச் சிப்பாய் உடனே வெட்டுவது) நேர்மாறு: கடைசி நகர்வு சிப்பாயின் இரட்டை அடிதான் என்று நிரூபித்தால் மட்டுமே உண்டு. காஸ்லிங்கை மறுக்க நல்ல சாட்சி டி2, எஃப்2 கட்டங்கள். கருப்புச் சிப்பாய் அவற்றில் ஒன்றின் வழியாகப் பதவி உயர்வு பெற்றிருந்தால், ஈ1 ராஜா நகர்ந்தே இருக்கும். அந்தக் கட்டத்தில் நிற்கும் சிப்பாய் ஈ1 ராஜாவுக்குச் செக் கொடுக்கும்; அந்தச் செக்கை இடையில் மறைக்க முடியாது. சிப்பாயை வெட்டியிருந்தால் பதவி உயர்வே நடந்திருக்காது.