மாமல்லபுரம் நாட்டிய விழா: கட்டணமின்றிப் பல நடனங்களைக் காணும் வழி

சென்னைச் சபாக்களில் மார்கழி முழுவதும் சீட்டு வாங்கி அமர்பவர்களுக்கும் நடனமென்றால் பெரும்பாலும் பரதநாட்டியமே கிடைக்கிறது. கதக், ஒடிசி, மோகினியாட்டம், குச்சிப்புடி ஆகியவற்றோடு கரகாட்டத்தையும் பறையாட்டத்தையும் ஒரே மேடையில் காண விரும்புவோர், தமிழ்நாடு சுற்றுலாத் துறை டிசம்பர் இறுதியில் தொடங்கி ஜனவரி வரை மாமல்லபுரத்தில் நடத்தும் இந்திய நாட்டிய விழாவுக்குச் செல்லலாம். முன்பு அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் நடந்த இவ்விழா, பின்னர் கடற்கரைக் கோயில் பக்கம் இடம்பெயர்ந்தது. விழாவைக் காணக் கட்டணம் இல்லை என்பதால், பேருந்துக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் ஆகும் பணமே செலவு.

நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். புத்தாண்டையும் காணும் பொங்கலையும் ஒட்டிய நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வாகனங்களால் திணறும். ஆகவே வாரநாளே நல்லது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரு நடனங்கள் அடுத்தடுத்து வரும் மாலையைத் தேர்ந்தெடுங்கள். பரதநாட்டியக் கலைஞர் முழங்காலை மடித்து அரைமண்டியில் நிற்பதைப் பார்த்த கண்ணோடு, கால்களை நேராக ஊன்றிச் சுழலும் கதக்கைப் பார்த்தால், எந்த விளக்கவுரையும் இல்லாமலே இரண்டின் வேறுபாடும் புரிந்துவிடும். ஒடிசியில் தலை, இடை, முழங்கால் என மூன்று இடங்களில் உடல் வளைவதையும், குச்சிப்புடியில் தரங்கம் என்னும் நடனப் பகுதியில் பித்தளைத் தாம்பாளத்தின் விளிம்பில் பாதங்கள் நின்றபடி அது தரையில் நகர்வதையும் தவறவிடாதீர்கள்.

பாதங்கள் தெரிய வேண்டுமென்றால் சீக்கிரம் சென்று முன்பகுதியில் இடம்பிடிக்க வேண்டும். முன்வரிசை விருந்தினர்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தால், நடுவில் பின்னால் உட்காருவதைவிட ஓரத்தில் முன்னால் உட்காருவதே மேல் என்பது என் கருத்து. நாட்டுப்புறக் கலைகளை வெறும் தொடக்க நிகழ்ச்சியாகக் கருதித் தாமதமாக வருபவர்கள் பெரிதும் இழக்கிறார்கள். பறை முழங்குவதற்கு முன், ஈரக்காற்றில் தளர்ந்த தோலைக் கலைஞர்கள் நெருப்பில் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டி ஓசை பார்ப்பதே ஒரு தனிக் காட்சி.

பிற்பகலிலேயே வந்துவிட்டால், கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் ஒரே நுழைவுச்சீட்டில் பார்க்கலாம். அர்ச்சுனன் தபசைக் காணச் சீட்டே தேவையில்லை. வெளிச்சம் இருக்கும்போதே இவற்றை முடித்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் பனியும் கடற்காற்றும் சேர்ந்து குளிரும் என்பதால் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சால்வை வேண்டும். கொசுவுக்கான களிம்பையும் மறக்க வேண்டாம்.

திரும்பும் வழியை முன்கூட்டியே உறுதிசெய்து கொள்ளுங்கள். சென்னை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், பேருந்திலிருந்து இறங்கியவுடனே இரவு கடைசி வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும். அந்த வண்டியைப் பிடிக்கக் கடைசி உருப்படியின், அதாவது கடைசி நடனத்தின், பாதியில் எழ நேருமென்றால், ஓர் உருப்படி முடிந்து கைதட்டல் எழும் இடைவெளியிலேயே வெளியேறுவது ஆடுபவருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் தொல்லை தராது.